பாலத்தைப் பதினொரு தடவை எழுதியவள்

தன் மனைவியைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் தையற்காரர் இருபத்தாறு வருடமாக நினைத்திருந்தார். தேர்தல் நோட்டீஸுக்கு அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்தால், நாலு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. லாரி ஓட்டுநரின் மகள். சட்டமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் சுருக்கெழுத்தர். விருப்ப ஓய்வு. இப்போது சுயேச்சை வேட்பாளர்.

"அங்க என்னதான் பண்ணின நீ?"

"அவங்க பேசினாங்க, நான் எழுதினேன். வேறென்ன?" என்றாள் அவள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அச்சாகி வந்ததைப் பார்த்த மைத்துனர், "மாமா, இது வாழ்க்கை வரலாறா, விசிட்டிங் கார்டா?" என்று சிரித்தார்.

பள்ளிக்கூட அரங்கில் வேட்பாளர்கள் எல்லோரையும் பேச அழைத்திருந்தார்கள். மூன்று முறை ஜெயித்த உறுப்பினர் பேசி முடித்ததும் பாதிக் கூட்டம் கிளம்பத் தயாரானது. அடுத்து அவள்.

பின்வரிசையில் ஒரு மீன்காரி எழுந்தாள். "ஆத்துப் பாலம் வருமா, வராதா? போன மழையில என் மகளைப் பிரசவத்துக்குப் படகுலதான் கொண்டுபோனேன். அதைச் சொல்லும்மா."

மேடையில் நின்ற தையற்காரரின் மனைவி கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"அந்தப் பாலத்தைப் பத்தி சபையில பதினொரு தடவை பேசியிருக்காங்க. பதினொண்ணையும் எழுதினது நான்தான்."

முதல் தடவையிலிருந்து ஆரம்பித்தாள். கேட்டவர் யார், பதில் என்ன, வார்த்தை பிசகாமல். ஏழாவது தடவை, படகு கவிழ்ந்து இறந்த ஆறு பேரின் பெயர்களை ஓர் உறுப்பினர் வாசித்திருக்கிறார். அந்த ஆறையும் சொன்னாள். நாலாவது பெயரைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எட்டாவது தடவை, மண் பரிசோதனை முடிஞ்சதுன்னு அமைச்சர் சொன்னார். அப்புறம் அந்த அறிக்கை எங்கேன்னு யாரும் கேட்கலை. நான் கேட்பேன்."

மூன்று முறை ஜெயித்தவர் குறுக்கிட்டார். "நானும் இதுக்குக் குரல் கொடுத்திருக்கேம்மா!"

"ஆமாங்க ஐயா. ஒன்பதாவது தடவை. 'இப்போதைக்கு அவசரமில்லை'ன்னு சொன்னீங்க."

தையற்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டவள், இத்தனை வருடமாக இதையெல்லாமா சுமந்துகொண்டிருந்தாள்?

வீட்டுக்கு நடக்கும்போது, "என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே?" என்றார்.

"நீங்க மெஷின்ல உட்கார்ந்தா பாடிட்டே தைப்பீங்க. அதைக் கெடுக்க மனசு வரலைங்க."



முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வாக்குச்சாவடியில், மூன்றே மூன்று ஓட்டு தவிர அத்தனையும் அவளுக்குத்தான் விழுந்திருந்தது.