தையலுக்கு விட்ட ஒரு விரல்

எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கொரோனா வரவில்லை. கொரோனா பயம்தான் முழுசாக வந்திருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டு வருகிற நேரம். இப்போது தொற்று வந்தால் உடம்பு தாங்காது, கரண்ட் வைப்பதையும் நிறுத்த வேண்டிவரும், நடுவில் நிறுத்தினால் பலன் குறையும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார்.

மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அக்கா வண்டியை விட்டு இறங்கியதும் செருப்புக்கு மருந்தடிப்பார். கைப்பைக்கு அடிப்பார். நலம் விசாரிக்கப் படியில் நின்ற என் மேலும் ஒரு தரம் அடித்தார். அப்புறம் அக்கா நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும். வாளியில் கிருமிநாசினி, கையில் நார்.

"நல்லாத் தேய்ச்சுக் குளி. ஆஸ்பத்திரிக் கிருமி லேசுல போகாது."

இது எங்கள் ஹால்வரை கேட்கும். கேட்காவிட்டால் நான் பால்கனிக்கு வந்துவிடுவேன்.

கிருமி போனதோ என்னவோ, கோடுகள் போய்விட்டன. கதிர் எங்கே விழ வேண்டும் என்று மெஷினை இயக்கும் பெண் மார்பில் மையால் போட்டிருந்த கோடுகள். அவற்றைத் தேய்க்கக் கூடாது என்று அக்கா சொல்லித்தான் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

"ஏங்க, கோட்டைக் காணோம். போன் பண்ணிச் சொல்லிடலாம்."

"சொன்னா மறுபடி ஸ்கேன்னு நாள் முழுக்க அந்தக் கூட்டத்துல உக்கார வெச்சிடுவாங்க. ஒருத்தன் தும்மினாப் போச்சு. இரு, நானே போட்டுடறேன்."

"விளையாடறீங்களா?"

"காலம்பூரா அளவெடுத்தவன். எனக்கு ஒரு கோடு போடத் தெரியாதா?"

டேப்பும் மார்க்கர் பேனாவுமாக, மிச்சமிருந்த மங்கல் தடத்தைப் பார்த்துப் போட்டும் விட்டார்.

மறுநாள் அக்கா மெஷினுக்கு அடியில் படுத்ததும் அந்தப் பெண் விளக்கைப் போட்டாள். சுவரிலிருந்து வந்த ஒளிக்கோடு ஒரு பக்கம், இவர் போட்ட கோடு ஒரு பக்கம். அவள் கதவைத் திறந்து, வெளியே நின்றவரைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தக் கோடெல்லாம் யார் போட்டது?"

"நான்தாம்மா. ஏன், கோணலாவா இருக்கு?"

"கோணல் இல்ல. எல்லாப் பக்கமும் ஒரு விரல் தள்ளி இருக்கு."

"அது தையலுக்கு விட்டது."

அந்தப் பெண் முகக்கவசத்துக்குள் என்ன செய்தாளோ, தோள் மட்டும் குலுங்கியதாம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்குக் கரண்ட் வைக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டரம்மா வந்தார். ஆரம்பத்திலேயே ஊசியால் குத்தி வைத்த, மச்சம் மாதிரியான சின்னப் புள்ளிகளைத் தேடினார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன; எந்த நாராலும் தேய்த்து எடுக்க முடியாத புள்ளிகள். அவற்றை வைத்து, அந்த மெஷினிலேயே ஒரு படம் எடுத்துச் சரிபார்த்து, புதுக் கோடு போட்டார்கள். ஸ்கேனும் வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தில் உட்காரவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் டாக்டரம்மாவிடம் அவருக்கு நன்றாகக் கிடைத்தது.

"கிருமிக்குப் பயப்படுங்க, தப்பில்ல. மாஸ்க் போடுங்க, கை கழுவுங்க, வீட்டுக்குள்ள ஆளுங்களைச் சேர்க்காதீங்க. ஆனா கரண்ட் வெச்ச தோலைத் தேய்ச்சுப் புண்ணாக்கினா, நீங்களே கிருமிக்குக் கதவு திறந்து விடறீங்க."

"இனிமே குளிக்கவே சொல்ல மாட்டேன் டாக்டர்."

"குளிக்கட்டும். வெறும் தண்ணி, மெதுவா. அந்தப் பேனாவை மட்டும் இங்க குடுத்துட்டுப் போங்க."

ஆளுங்களைச் சேர்க்காதீங்க என்றதை மட்டும் அவர் திரும்பி வந்ததும் படியில் என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவும் அவர்கள் பால்கனிக்கு வந்தாள். மருந்து வாசனை இல்லை.

"வெச்சுட்டாங்க," என்றாள். "ஒரு நாள்கூட விட்டுப்போகலை. நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."

விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி முகம்.

"யாரோட பேச்சு அங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தள்ளி நின்னு பேசு."

"தள்ளித்தாங்க நிக்கறேன்," என்ற அக்கா, கைப்பிடிச் சுவரில் வாகாகச் சாய்ந்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.