ஒன்றேகால் லிட்டர் சபதம்

இதனால் சகலமானவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஃப்ரிட்ஜ்காரர் தம் வீட்டு வாசலில், தம் சொந்தக் கைகளால், தம் மோட்டார் சைக்கிளுக்கு, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றுவார்.

தெருவில் யாரும் தமுக்கு அடிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரரிடமும், பேப்பர் போடுகிறவரிடமும், பழுதான ஃப்ரிட்ஜை ஒப்படைத்துவிட்டு ஒரு மாதமாகப் பாலைக் காய்ச்சிக் காய்ச்சியே காலந்தள்ளும் மூன்று வாடிக்கையாளர்களிடமும் வியாழக்கிழமையே அவர் சொல்லி முடித்துவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 'ஊருக்கே குளிர்ச்சி தருகிறோம்' என்று கடைப் பலகையில் எழுதி வைத்திருப்பவருடைய வண்டி, ஒரே மாதத்தில் மூன்று முறை மேம்பாலத்து ஏற்றத்தில் கொதித்து, ஆவி விட்டு, நின்றுபோனது. மூன்று முறையும் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வீட்டம்மா. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மூன்று முறையும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவரும் அவர்தான். ஃப்ரிட்ஜ்காரர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு திசை காட்டினார்.

மூன்றாம் முறை செருப்பு வார் அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டம்மா சொன்னார்:

"இதோ பாருங்க. இன்னொரு தடவை இந்த வண்டியில நான் கைய வச்சுத் தள்ளினேன்னா, மறுநாள் காலையில இது என் தம்பி வீட்ல நிக்கும்."

வெறும் பேச்சில்லை. வண்டி வீட்டம்மா பெயரில் பதிவாகியிருந்தது. தம்பி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். ஆறு வருடமாக அந்த வண்டியின் மேல் கண். வீட்டுக்கு வந்தால் அக்காவை விசாரிப்பதற்கு முன் டேங்கைத் தடவி விசாரிப்பான்.

"மூச்சு இருக்கிறவரைக்கும் விட மாட்டேன்" என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

"யாருக்கு மூச்சு? வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டம்மா பஸ் ஏறினார்.

ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு ஃப்ரிட்ஜ்காரர் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி தலை வாரிக்கொண்டு போனார். கடைக்காரர் மேஜையில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று பாட்டில்களை வரிசையாக வைத்தார்.

"உங்க வண்டியில இப்ப என்ன கலர் ஓடுது?"

"பச்சையாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப கலரை மாத்துறதா இருந்தா பழசைச் சுத்தமாக் கழுவிடணும். ஒண்ணோட ஒண்ணு கலந்தா உள்ளே கூழாயிடும். பச்சையே போட்டுக்குங்க, வம்பில்ல. இது ரெடிமிக்ஸ். அப்படியே ஊத்திக்கலாம்."

"ரெடிமிக்ஸ்னா?"

"பாதி கூலன்ட், பாதி சுத்தத் தண்ணி. கம்பெனியே கலந்து குடுத்துடறான்."

ஃப்ரிட்ஜ்காரரின் முகம் மாறியது. அவர் தொழிலில் தண்ணீர்தான் பரம எதிரி. ஃப்ரிட்ஜின் செப்புக்குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் புகுந்தாலும் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகவே வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயை உறிஞ்சி உறிஞ்சிக் காயவைத்து, பிறகுதான் கேஸ் ஏற்றுவார். இருபத்தாறு வருடமாக ஈரத்தோடு சண்டை போட்ட மனிதரிடம் போய், பாதிக்குப் பாதி தண்ணீர் என்றால்?

"தண்ணி கலக்காதது இருக்கா?"

"கான்சன்ட்ரேட் இருக்கு. ஆனா நீங்க வீட்ல கலந்து..."

"அதைக் குடுங்க" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். மீதியைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தையல்காரர் நாற்காலியோடு வந்தார். மச்சினன் கூப்பிடாமலே வந்தான்.

"மாமா, எதுக்கு இவ்வளவு சிரமம்? எப்படியும் என்கிட்ட வரப்போற வண்டி. நானே மாத்திக்க மாட்டேனா?"

"நீ முதல்ல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்து ஒரு ஆளைப் பாஸ் பண்ண வை."

நியாயமாகச் சொல்லவேண்டும், ஃப்ரிட்ஜ்காரரின் கை சுத்தமான கை. எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். வாட்டர் பம்ப்பின் கீழே பேசினை வைத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றினார். ஆறு வருடத்துக் கூலன்ட் துருப்பிடித்த கஷாயமாக வெளியே வந்தது. பூனை நாய் நக்கிவிடாதபடி அதைக் கேனில் ஊற்றி மூடினார். விஷம் என்பது அவருக்குத் தெரியும். போல்ட்டின் செப்பு வாஷரைக்கூடப் புதிதாக மாற்றினார். பாட்டில் தண்ணீர் வாங்கி இரண்டு முறை உள்ளே கழுவினார். அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. வேக்குவம் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டி, கழுவிய தண்ணீரின் கடைசி ஈரம்வரை அரை மணி நேரம் உறிஞ்சி எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு செய்ய மாட்டாங்க" என்றார் தையல்காரர், பயபக்தியோடு.

ஒன்றேகால் லிட்டர். தண்ணீரின் நிழல்கூடப் படாத, பச்சைப் பசேலென்ற, கலப்படமற்ற கூலன்ட். ஊற்றி மூடியதும் ஃப்ரிட்ஜ்காரர் ஒரு சிறிய உரை ஆற்றினார். கலப்படம் ஒரு சமுதாயத்தை எப்படிச் சூடாக்குகிறது என்பது அதன் சாரம். முடிவதற்குள் மச்சினன் தூங்கிவிட்டான்.

மத்தியானம் தனியாக மேம்பாலத்துக்குப் போனார். மீட்டரில் சூட்டைக் காட்டும் கட்டங்கள் ஆறு. அடிவாரத்தில் மூன்று எரிந்தன. பாதி ஏற்றத்தில் ஐந்து. உச்சியில் ஆறும் எரிந்து, சிவப்பு விளக்கு சேர்ந்துகொண்டது. ஃப்ரிட்ஜ்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஊரின் அழகை முக்கால் மணி நேரம் ரசித்தார். ஆறிய பிறகு மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். தள்ளியதாகக் கணக்கில் வராது.

வீட்டம்மா காலி பாட்டிலை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். நாள் முழுக்க மருந்துச் சீட்டுகளின் கிறுக்கலைப் படிக்கிற கண்ணுக்கு அது விளம்பரப் பலகை மாதிரி.

"சுத்தத் தண்ணியோட சரிபாதி கலந்து ஊத்தணும்னு போட்டிருக்கான்."

"அது வியாபாரத் தந்திரம். தண்ணி கலந்தா வீரியம் போயிடும்."

"குழந்தைகளுக்கு சிரப் பவுடர் குடுக்கறோம். காய்ச்சி ஆறவச்ச தண்ணி கோடு வரைக்கும் ஊத்திக் கலக்குங்கன்னு சொல்றோம். வீரியம் போயிடும்னு பவுடரை அப்படியே வாயில கொட்டுவீங்களா?"

"அது மருந்து."

"இது மட்டும் என்ன, தீர்த்தமா? சூட்டைச் சுமந்துட்டுப் போறது தண்ணிதாங்க. மத்தது துருப்பிடிக்காமப் பாத்துக்கத்தான். தண்ணியே இல்லாம ஊத்தினா யார் சுமப்பா, உங்க உரையா?"

ஃப்ரிட்ஜ்காரர் அன்று இரண்டு சப்பாத்தி குறைவாகச் சாப்பிட்டார். தோற்பதில்லை என்ற முடிவில் மட்டும் மாற்றமில்லை. பாதையைத்தான் மாற்றினார். ஞாயிறு காலை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்தார். பாதிக் கூலன்ட்டை வடித்து, பாதித் தண்ணீரை ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனத்துரோகம் செய்கிறவர் வேறெங்கே பார்ப்பார்?

இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட விட்டார். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வரும்வரை ரப்பர் குழாயை அமுக்கிக் கொடுத்தார். மட்டம் இறங்க இறங்க நிரப்பினார். ஃபேன் சுழல்கிறதா என்று பார்க்க ஓட விட்டார். ஃபேன் நின்றபின் மறுபடி எப்போது சுழலும் என்று பார்க்க மறுபடி ஓட விட்டார். நின்ற இடத்தில் நின்றபடியே வண்டி காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. ஃபேன் இருபத்திரண்டு முறை சுழன்றதைத் தையல்காரர் எண்ணினார்.

இடையில் மச்சினன் போன் செய்தான். "மாமா, என் ஹெல்மெட்டை எங்க மாட்டலாம்னு பாத்து வைங்க."

போனை வைத்த ஃப்ரிட்ஜ்காரர், குளிர்க்குழாய்க்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்தார். கவனம் சிதறக்கூடாது. வேகம், நேரம், ஓடிய தூரம், மற்ற சில்லறை விளக்குகள் எல்லாவற்றின் மேலும் டேப்பை ஒட்டி மறைத்தார். சூட்டுக் கட்டங்கள் ஆறும் மட்டும் தெரிந்தன.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தையல்காரர் கையசைத்தார்.

மேம்பாலத்தில் நல்ல நெரிசல். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறவேண்டிய நிலை, போன மாதம் கொதித்ததும் இப்படித்தான். அடிவாரத்தில் இரண்டு கட்டம். பாதி ஏற்றத்தில் மூன்று. ஃபேன் கிர்ரென்று சுழன்றது. மூன்று மறுபடி இரண்டானது.

"பாத்தியா" என்றார் ஃப்ரிட்ஜ்காரர், தலையைத் திருப்பாமல். "இந்த மாதிரி விஷயத்துல அடிப்படை என்னன்னா, பொறுமை. அப்புறம் விடாமுயற்சி. அதுக்கப்புறம்..."

வண்டி இரண்டு முறை இருமியது. நின்றது.

"ரெண்டு கட்டம்தான் இருக்கு" என்றார் அவர். "ஜில்லுனு இருக்கே."

வீட்டம்மா அவர் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, உரித்தார். பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று டேப்புக்குத்தான் தெரியும்.

பின்னால் ஹாரன்கள் அலறின. வீட்டம்மா இறங்கி, கைப்பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டார்.

"நீ கை வைக்காதே" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். "நானே பாத்துக்கறேன். நீ சும்மா நடந்து வா."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். இருபது அடி ஏறினார். சட்டை முதுகோடு ஒட்டியது. இன்னும் பத்தடி. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குமேல் வண்டி ஏறவில்லை. கால் வழுக்க, வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் ஒரு பஸ் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"கை வைக்காதேம்மா" என்றார், கெஞ்சலாக.

"பஸ் வருதுங்க."

வீட்டம்மா ஒரு கை வைத்தார். ஒரே ஒரு கை.

மறுநாள் காலை மச்சினன் ஒரு பாட்டிலில் பெட்ரோலோடு வந்து, வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.