முனையைத் தாண்டி

அவிழ்க்கச் சொன்ன முடிச்சைத் தையல்காரர் இன்னும் இறுக்கிவிட்டார். கயிறு நனைந்து ஊறியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், அசையவில்லை. படகுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் ஊசி, அதென்ன சட்டைப் பொத்தானா, பிஞ்சு விழாம இருக்கணும்னு இறுக்குறே? தளர்த்துடா."

"நீயே வந்து அவிழ்த்துக்கோ."

"நான் கையை எடுத்தா இன்ஜின் நின்னுடும். திரும்பக் கிளப்ப உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒருவழியாக முடிச்சு இளகியது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர் படகுக்குள் குதித்ததில் முழங்கால் இடித்துக்கொண்டது. அக்கா சிரித்தாள். கல்மேடை மெதுவாகப் பின்னால் போனது.

ஊசி என்பது சின்ன வயதில் அவருடைய ஒல்லிக்கு அக்கா வைத்த பெயர். பின்னால் அவர் தையல்காரரானதும் பெயர் பொருந்திப் போயிற்று. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, ஆபரேஷன் தியேட்டரிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். "ஊசி போடுறது நான், பேரு மட்டும் உனக்கு" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

படகை அவள் கண்டெடுத்தது ஒரு மரக்கடையின் பின்புறத்தில். கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், மேலே பூசணிக்கொடி படர்ந்து காய்த்திருந்தது. அதைப் பார்த்த அன்றே தம்பியின் கடைக்கு வந்து, வெட்டும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா மாத்தலாகிப் போனப்ப நாம போன படகு மாதிரியே இருக்குடா," என்றாள். அவருடைய மனைவி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கடையைத் திறப்பதும் மூடுவதுமாக, தைக்காமலே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "தெரியும். அதனாலதான் உன்னைத் தைக்கக் கூப்பிடுறேன், நீந்தக் கூப்பிடலை," என்றாள் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய ஆணிகளைப் பிடுங்க அவள் கொண்டுவந்தது தியேட்டரில் கழித்துப் போட்ட இடுக்கிகள். ஸ்பேனர்களை வெள்ளைத்துணி விரித்து வரிசையாக அடுக்கிவைப்பாள். கேட்டதை எடுத்துத் தர அவர் பக்கத்தில் நிற்கவேண்டும். இன்ஜினைப் பிரித்துக் கோத்துக் கொடுத்த மெக்கானிக், "இந்தம்மா என்னையே கையைக் கழுவிட்டு வரச் சொல்றாங்க," என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். மெத்தைகளுக்குத் தையல்காரர் பள்ளிச் சீருடையில் மிஞ்சிய நீலத்துணியில் உறை தைத்தார், வெயிலுக்கு ஒரு படுதாவும். மழைக்காலங்கள் வந்து போயின. படகு வெள்ளை வெளேரென்று ஆனது. பெயர் மட்டும் எழுதவில்லை. அவர் சொன்ன பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவள் சொன்னது அவருக்கு.

புறப்படுவதற்கு முன்புதான் அக்காவின் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றார். "கடல்ல மாடிப்படி கிடையாதே," என்றாள் அவள். அக்காவின் மகள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். மருந்துக்கடை வைத்திருப்பவள்; எந்த மாத்திரை எதற்கென்று அவளுக்குத் தெரியும். "நீங்களாவது சொல்லுங்க மாமா. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க," என்றாள். சொல்லித்தான் பார்த்தார். கடைசியில் தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டையாகி, "எப்படியோ போங்க, நான் வழியனுப்பக்கூட வரமாட்டேன்," என்று மகள் போனவள்தான். அக்காவைத் தனியாக விடமுடியாது என்பதற்காகவே தையல்காரர் கிளம்பினார். பயத்துக்கு மேல் பயம்.

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டும்போது அக்கா ஒருமுறை கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாலையில் யாரும் இல்லை. பிறகு திரும்பவே இல்லை.

வெயில் ஏறியது. கடல் அன்று நல்ல பிள்ளையாக இருந்தது. கரையோரமாகவே வடக்கே போய், துறை துறையாகத் தங்கி, அவர்கள் பிறந்த கலங்கரை விளக்கம் வரைக்கும் போவது என்று திட்டம். அப்பா அங்கே விளக்குக் காவலர். அங்கிருந்து மாற்றலாகி வந்தபோது, ரோடு இல்லாத ஊர் என்பதால் வீட்டுச் சாமானையெல்லாம் ஒரு மோட்டார் படகில் ஏற்றினார்கள். கட்டில், அம்மிக்கல், கோழிக்கூடு, அம்மாவின் நிலைக்கண்ணாடி. துணி அலமாரியை நிறுத்தினால் படகு சாயும் என்று மல்லாக்கப் படுக்கவைத்தார் அப்பா. கதவைக் கழற்றிவிட்டு அதற்குள் மெத்தை போட்டு அக்காவையும் தம்பியையும் படுக்கவைத்தாள் அம்மா. நான்கு பக்கமும் பலகை. மேலே வானம் மட்டும். தண்ணீர் கண்ணில் படாததால் தம்பி அழுகையை நிறுத்தினான். நாட்கணக்கில் அப்படியே வந்தார்கள். அலமாரியின் பூச்சி உருண்டை வாசமும் டீசல் வாசமும் கலந்தடிக்கும். அதற்குப் பிறகு இருந்த எந்த வீட்டிலும் தையல்காரர் அப்படித் தூங்கியதில்லை.

"அம்மாவுக்கு வாந்தி வந்துட்டே இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. "ஆனா கண்ணாடியை மட்டும் மடியை விட்டு இறக்கலை."

"அதுல முகம் பார்த்துப் பார்த்துப் பயந்துட்டாங்கன்னு அப்பா சொல்வாரே."

"சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்குவாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த அக்கா பாதியில் நிறுத்தினாள். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்க்காமலே எதையோ எண்ணினாள். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"அக்கா?"

"இங்க வந்து பிடி."

"என்ன பண்ணுது?"

"பிடின்னா பிடி. கேள்வி அப்புறம்."

அவர் எழுந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அது கைக்குள் உயிருள்ளது மாதிரி துடித்தது. அக்கா பக்கத்து மெத்தையில் மெல்லச் சாய்ந்தாள். பையிலிருந்து மாத்திரை எடுத்து நாக்கடியில் வைத்துக்கொண்டாள். அவர் போனை எடுத்துப் பார்த்தார்; சிக்னல் இல்லை.

"திரும்பிடலாம்க்கா."

"திரும்பினா எதிர்க்காத்து, இன்னும் நேரமாகும். அதோ அந்த முனை தெரியுதில்ல, அதைத் தாண்டினா ஒரு துறை இருக்கு. முன்னாடியே போ."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஆயுசெல்லாம் மெஷின் ஓட்டினவன்தானே. வேலை கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு என்ன சொல்லுவே? துணியைப் பிடிச்சு இழுக்காதே, அது தானா போகும், நீ கையை மட்டும் வெச்சிருன்னு சொல்வியே. அதேதான்."

கையை மட்டும் வைத்திருந்தார். படகு நேராகப் போயிற்று. முனையின் பாறைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின. அங்கே அலை எழும்பி உடைந்துகொண்டிருந்தது. "பாறையை விட்டு விலகி, இன்னும் வெளியே," என்று அக்கா அவ்வப்போது சொன்னாள். குரல் சன்னமாக இருந்தாலும் தியேட்டர் அதிகாரம் குறையவில்லை. அவர் பயப்படுவது தெரிந்துதானோ என்னவோ, பழைய பேச்சையே தொடர்ந்தாள்.

"அந்தக் கோழி ஒண்ணு கூட்டுலேர்ந்து தப்பிச்சு தண்ணியில விழுந்துச்சே. அப்பா படகைத் திருப்பி வலையை வீசி எடுத்தாரு."

"வெள்ளைக் கோழி."

"செவலை."

"வெள்ளைக்கா. நான் பார்த்தேன்."

"நீ எங்க பார்த்தே. அலமாரிக்குள்ள கண்ணை இறுக்கி மூடிட்டுக் கிடந்தே."

"இல்லை, எட்டிப் பார்த்தேன். வெள்ளைதான்."

பதில் வரவில்லை. படகு முனையைச் சுற்றத் தொடங்கியிருந்ததால் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. "வெள்ளைதான்," என்றார் மறுபடி, கொஞ்சம் சத்தமாக. இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறந்ததிலிருந்து தம்பியிடம் ஒரு பேச்சிலும் விட்டுக்கொடுத்தவள் இல்லை அக்கா. அதனால்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை. ஒரு அலை படகைத் தூக்கி இறக்கியது, பிறகு இன்னொன்று. பாறைகளை வெளியே விலகிச் சுற்றினார், சொல்லிக் கொடுத்த மாதிரியே. முனைக்கு அந்தப் பக்கம் கடல் தட்டையாகி, தூரத்தில் துறையின் சுவரும் சில கூரைகளும் தெரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அக்கா நீலமெத்தையில் சாய்ந்து, கண்கள் பாதி திறந்தபடி, மணிக்கட்டைப் பிடித்த கை நழுவி மடியில் கிடக்க இருந்தாள். கன்னத்தைத் தொட்டார். மூக்கருகில் விரலை வைத்தார். படுதாவின் நிழல் அவள் முகத்தில் வந்து வந்து போனது.

அந்த நேரத்தில்தான் அக்காவின் மடியிலிருந்த போன் அடித்தது. மகள். ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் எடுத்தார். வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, வெச்சிடாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணும் பேச வேணாம், கேட்டா போதும்."

அவர் போனைத் தன் காதிலிருந்து எடுத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறுகையால் போனை அக்காவின் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் குரல் ஏறுவதும் இறங்குவதும், நடுவில் உடைவதும் மட்டும் தெரிந்தது. கை வலித்தது. எடுக்கவில்லை. குரல் நின்று, "அம்மா? அம்மா?" என்று கேட்டபோது தன் காதுக்குக் கொண்டுவந்தார்.

"மாமா பேசுறேம்மா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"நீ வண்டியை எடுத்துட்டு வா. மெதுவா வா," என்று துறையின் பெயரைச் சொன்னார்.

துறைக்குள் நுழைந்ததும் கல்மேடையில் நின்றிருந்த துறைக்காரர், "வேகம், வேகம், குறைங்க," என்று கையை ஆட்டினார். அவர் கையை எடுத்தார்; இன்ஜின் ஓய்ந்து, படகு சுவரில் கட்டியிருந்த டயர்களில் மோதி நின்றது. மேலிருந்து கயிற்றை வாங்கிக் கட்டியவர், "படகு பேர் என்ன?" என்று கேட்டார். "இன்னும் வைக்கலை," என்றார் தையல்காரர். பிறகு உள்ளே கையைக் காட்டினார். துறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வந்து உதவினார்கள். கடல் வற்றியிருந்த நேரம். படகு மேடைக்கு வெகு கீழே கிடந்தது. நீலமெத்தையோடு அப்படியே கட்டி, அலுங்காமல் மேலே தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தையல்காரர் கூடவே போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மகள் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள்.

"இல்லம்மா."

டீயும் ரொட்டியும் வாங்கி வந்தாள். இருவரும் குடித்தார்கள். உடலை வீட்டுக்கு எடுத்துப்போக வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். "அம்மா சாமானெல்லாம் படகுல இருக்கில்ல? எடுத்துட்டு வந்துடலாம்," என்று எழுந்தாள்.

இருவரும் துறைக்கு நடந்து போனார்கள். மேடையில் நின்று கீழே பார்த்தாள். இந்தப் படகை அவள் முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு சின்னதா இருக்கு," என்றாள்.

சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். கீழேயிருந்து ஒவ்வொன்றாக நீட்டினாள். செருப்பு, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், போர்வை. ஒவ்வொன்றுக்கும் அவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டி வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதும் அவள் ஏறி வரவில்லை.

"எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

"உனக்கு வலது பக்கம். அந்தப் பலகையில."

அதில் உட்கார்ந்தாள். பலகையைக் கையால் தடவினாள். இழைத்த மரம் வழுவழுவென்று இருந்தது. மேலே பார்க்காமல் கேட்டாள்.

"மாமா, நான் போன் பண்ணப்ப... அம்மா கேட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம். எதிரே ஒரு கிழவர் தன் தோணியில் இருந்த தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்தார்.

"காதுல வெச்சுப் பிடிச்சிருந்தேம்மா," என்றார் தையல்காரர். "நீ பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கலை."

அவள் தலையை ஆட்டினாள். வெயில் தாழும்வரை ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். துறைக்காரர் வந்து, வண்டி வந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது என்றார். தையல்காரர் அவரிடம் இரண்டு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தார்.

வற்றியிருந்த கடல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. சுவரின் பாசி படிந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. ஏணியின் படிகளும் போயின. படகு சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டே வந்தது. முதலில் அவளுடைய தலை வகிடு மட்டும் தெரிந்தது. பிறகு நெற்றி. மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவரின் முழங்காலுக்கு நேராக அவள் முகம் வந்தபோது, அவர் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.