காரமில்லாத பேரப்பிள்ளை

சலூன்காரர் மொட்டை மாடியில் ஆடிக்கொண்டிருந்தார். கையில் பாதிக் குடைமிளகாய், வாயில் மீதிப் பாதி. "துளிக் காரம் இல்ல! ஜெயிச்சாச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குடைமிளகாய் என்றைக்குக் காரமாக இருந்தது என்று அந்த வீட்டுக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

விஷயம் இதுதான். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வயிற்றில் புண் வந்து, மிளகாய்ப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. "காரம் போனாப் போகுது. அந்த வாசனை இல்லாம ஒரு வாய் இறங்க மாட்டேங்குதுங்க" என்பார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆள் துரும்பாக இளைத்துவிட்டார். சலூன்காரருக்கு மனசு கேட்கவில்லை. வாசனை மட்டும் உள்ள மிளகாய் கடையில் இல்லையென்றால் என்ன, நாமே உண்டாக்கிவிட்டால் போயிற்று என்று கிளம்பிவிட்டார். கத்தரிக்கோல் பிடித்த மனுஷனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

சம்பந்தம் பேசுகிற மாதிரி வரன் தேடினார். தாய்க்குக் குடைமிளகாய்: பரம சாது, ஆனால் வாசனையா, கிலோ என்ன விலை என்று கேட்கும். தகப்பனுக்கு தோல் சுருங்கிய ஒரு நாட்டு மிளகாய்: கிள்ளினால் தெருவே மணக்கும், கடித்தால் உச்சிமயிர் எழுந்து நிற்கும். குடைமிளகாய் மொட்டை அது விரியும் முன்பே பிரித்து, உள்ளே இருந்த மகரந்தப் பைகளை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, தகப்பன் பூவின் தூளைத் தடவினார். வாடிக்கையாளர்களின் மூக்குமுடி பிடுங்கும் இடுக்கி அது. கழுவினாரா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பூ காயாகிப் பழுத்த பழத்தைத் தின்றுவிட்டுத்தான் இந்த ஆட்டம். வாசனையையும் காணோமே என்றால், அது பின்னால் வரும் என்று சமாளித்தார்.

அதன் விதைகளைப் பெயிண்ட் டப்பாக்களில் போட்டார். எல்லாச் செடியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வளர்ந்து காய்த்தது. பழத்தைக் கிள்ளினால் கமகமவென்று மணம். மனைவி கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முதல்ல நான் பாக்கறேன் மாமா" என்று மனைவியின் தம்பி ஒன்றை முழுசாக வாயில் போட்டான். அடுத்த நொடி குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியிலேயே படுத்துவிட்டான்.

"நான் தின்னிருந்தா என் கதி?" என்று மனைவி எழுந்து போய்விட்டார்.

சலூன்காரர் ஆடிப்போனார். எல்லாவற்றையும் பிடுங்கி எறியப்போகிறேன் என்று நாற்றுப்பண்ணைக்கார அம்மாவிடம் போய்ப் புலம்பினார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பழம் தாயோட சதை அண்ணே. கல்யாணம் பண்ணி வச்சதும் தாயோட சதை மாறிடுமா? உள்ள இருக்கற விதைதான் பிள்ளை. பிள்ளைங்க காரத்துல அப்பனை உரிச்சு வச்சிருக்கு. அம்மா குணம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இதுங்களோட விதையைப் போடுங்க. பேரப்பிள்ளைங்க ஆளுக்கொரு தினுசா வரும். நாலுல ஒண்ணு சாதுவா இருக்கும். அதுல வாசனை உள்ளதைத் தேடிப் பிடிங்க."

வந்ததய்யா பேரப்பிள்ளைப் பட்டாளம்! மாடி, படிக்கட்டு, சலூன் வாசல் எங்கும் டப்பா. குட்டை, நெட்டை, உருண்டை, மூக்கு வளைந்தது. எது சாது என்று கடித்துத்தான் பார்க்கவேண்டும். காரத்தைக் கடித்த நாக்கு அன்றைக்கு வேறெதற்கும் ஆகாது. அப்படியானால் நிறைய நாக்கு வேண்டும். சலூனுக்கு நாக்குகள் தானாகவே நடந்து வருகின்றன.

"ஷேவிங் இலவசம் சார். ஒரு துண்டு கடிச்சாப் போதும்."

ஒரு கன்னத்தை மழித்த பிறகுதான் துண்டை நீட்டுவார். பாதித் தாடியோடு எவன் தெருவுக்கு ஓடுவான்? பேங்க் மேனேஜர் நாற்காலியோடு எம்பினார். பஸ் டிரைவர் காரம் தணியும் என்று சோப்பு நுரையை நக்கினார். சாதுவாக வந்த சிலதில் மணமே இல்லை. இருந்தாலும் கடைக்குக் கூட்டம் குறையவில்லை, அடுத்தவன் படும் பாட்டைப் பார்க்கவே பாதிப்பேர் வந்தார்கள்.

ஒரு நாள் தையல்காரர் கடித்தார். மென்றார். எல்லோரும் தண்ணீர்க் குவளையோடு தயாராக நின்றார்கள். அவர் நிதானமாக விழுங்கிவிட்டு, "இன்னொரு துண்டு இருக்கா?" என்றார். மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தான். "மாமா! ஒண்ணுமே பண்ணல மாமா!" கடை முழுக்க மணம். சலூன்காரர் அந்தச் செடியில் பழுத்திருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு, தையல்காரரை ஒற்றைக் கன்னம் மழித்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

விதைக்கென்று ஒரே ஒரு பழத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மற்றதை எண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தார். மனைவி சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"காரமா?" என்று சலூன்காரர் தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

மனைவி குவளையைத் தள்ளிவைத்தார். அடுத்த வாய், அதற்கடுத்த வாய். தட்டு வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. மனைவி அந்தத் தனிப் பழத்தைக் காட்டினார். "அதையும் வதக்குங்க."

"ஐயோ, அது விதைக்கு வச்சதும்மா! அடுத்த தலைமுறையே அதுலதான் இருக்கு!"

"செடியில பூ இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப அடுத்த தலைமுறை கொஞ்சம் பொறுத்துக்கும். எனக்குப் பசிக்குது. இன்னும் சோறு போடுங்க."

சலூன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பழத்தை விதையோடு வாணலியில் போட்டார்.