விரிப்பின் மறுமுனை

எழுபதைத் தாண்டிய ஒருத்தி, யாராவது தன்னைத் தவளை என்று கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் மிச்சம் இருப்பது என் அக்கா ஒருத்திதான். அவளோ ஒரு வருடமாக என்னை நர்ஸம்மா என்கிறாள்.

அதுவும் எவ்வளவு மரியாதை! "நீங்க சாப்பிட்டீங்களா நர்ஸம்மா?" என்பாள். வாழ்நாள் முழுக்க என்னை ஏய், எருமை என்று விரட்டிய வாய் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாளைக் காலையில் அவள் மகன் கார் கொண்டுவருகிறான். முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. "சித்தி, உங்களாலயும் முடியல. அம்மாவுக்குத்தான் யாரையும் தெரியலையே, எங்க இருந்தா என்ன?" என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டேன். போவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் என்னைத் தங்கையாகப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

மதியம் அவளுடைய பெட்டியில் வைப்பதற்காகப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிப்பதுதான் இப்போது என் வழக்கம். அக்காவுக்கு ஏன் சிரமம் என்று எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் காலமெல்லாம் விரிப்பு மடித்தவர்கள். ஆளுக்கு ஒரு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்போம். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அக்கா வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுப்பாள். நான் முன்னால் தத்திப் போய் விழப் பார்ப்பேன். தவளை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இன்று இடுப்பு வலி வேறு. விரிப்பு நழுவித் தரையில் புரண்டது. கட்டிலில் இருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து மறுமுனையை எடுத்தாள். உதறினோம், இழுத்தோம். எதிரெதிரே நடந்து வரும்போது அவள் ஓரக்கண்ணால் கதவைப் பார்த்தாள். மேற்பார்வையாளரைத் தேடுகிறாள் என்று எனக்கு உறைப்பதற்குள் வெடுக்கென்று இழுத்துவிட்டாள். தத்திப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"விழுந்தியாடி, தவளை!" பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா," என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் முகம் மாறியது. "ஏன் அழறீங்க நர்ஸம்மா? அடிபட்டுடுச்சா?"

எனக்கு ஆசை விடவில்லை. மடித்ததைப் பிரித்து மறுபடி அவள் கையில் ஒரு முனையைக் கொடுத்தேன். ஒழுங்காக மடித்தாள். இன்னொன்றையும் பிரித்தேன். இழுக்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்க போகுது?"

"நாளைக்கு உங்களை வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அவள் விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் வரல. என் தங்கச்சி வந்து தேடுவா. மறுமுனையைப் பிடிக்க அவளுக்கு வேற யாரு இருக்கா?"

நான் அவள் மகனுக்குப் போன் செய்தேன். "காலைல காரை எடுத்துட்டு வராதேடா."

"ஏன் சித்தி, அம்மாவுக்கு ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்ல. எனக்கு வேற யாரும் இல்ல."