குஞ்சு மட்டி இல்லாத தபசுகாலம்

1

இந்தக் கதை ஒரு துண்டுச் செய்தியிலிருந்து முளைத்தது. உலோகக் கழிவு கலந்த நீரில் பெரிய மட்டி தன் சிப்பி ஓட்டுக்குள் இறுக மூடிக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்குமாம். ஓடு முற்றாத குஞ்சுதான் முதலில் சாகுமாம். படித்ததும் மனசே கெட்டுப்போயிற்று. கதை நடக்கும் தர்மபுரியில் கடல் ஏது என்று மடக்காதீர்கள். ஏரி இருக்கிறது, மட்டியும் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘அறுபத்தெட்டாம் வருஷம், இண்டூர்ப் பக்கத்து ஏரியில் காலைச் சூரியன் பொன்னை அள்ளி…’

வேண்டாம்.

ரோசம்மா முழங்கால் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவினாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் அவள் வீட்டில் கறி கிடையாது, மட்டிக் குழம்புதான். சின்னதை ஏரியிலேயே விட்டுவிடுவாள். இந்த வருஷம் விடுவதற்கு ஒன்றுமில்லை. அகப்பட்ட ஒன்றிரண்டு குஞ்சு ஓடுகளும் விரல் பட்டதும் நொறுங்கின.

“ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்! ஏரிக்கு நல்ல காலம்டி,” என்றாள் கரையில் நின்ற முனியம்மாள், கூடையைப் பார்த்து.

ரோசம்மா விரலில் ஒட்டிய ஓட்டுத் தூளைத் தண்ணீரில் கழுவினாள். போன வருஷம் ஆசையில் குஞ்சையும் சேர்த்து அள்ளிவிட்டோமோ? கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அழுதாள். “ஏரியில குஞ்சே இல்லாமப் பண்ணிட்டேனுங்க, சாமி.”

சாமியார் பரிகாரமாக மாதாவுக்கான ‘அருள் நிறைந்த’ மந்திரத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். ஏரிக்கு அது போதவில்லை.

3

(இங்கே அவளைக் கர்ப்பிணியாக்கியிருந்தேன். வாசகரை அழவைக்கச் சுலபமான வழி. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

அவள் புருஷன் சவரிமுத்துவுக்கு சைக்கிள் மணிக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை. சோறு கொண்டுபோனவள், அவன் முலாம் தொட்டியிலிருந்து பச்சை நிறக் கழிவுத் தண்ணீரை மொண்டு ஓடையில் ஊற்றுவதைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த ஓடை ஏரிக்குத்தான போவுது?”

“நான் ஊத்தலீன்னா வேற ஆளு ஊத்துவான், புள்ள.”

“குஞ்சுங்க செத்துப்போச்சுங்க. நான் என் பாவம்னு அழுதுகிட்டுக் கெடந்தேன்.”

அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை.

4

முடிவு ஒன்று: வேலையை விடுகிறான். அடுப்பில் பூனை தூங்கும். சோற்றுக்கு நானா வழி சொல்வேன்?

முடிவு இரண்டு: அவள் பேசாமல் குழம்பு வைக்கிறாள், அவன் பேசாமல்… இதை முடிக்க என் கை வரவில்லை.

மூன்று: பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், கோயில். பாவசங்கீர்த்தனத்துக்கு ரோசம்மாவின் முறை வந்தது. எழுந்தவள் ஆண்கள் பக்கம் திரும்பி, சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னாள்:

“நீங்க போங்க.”

அவன் எழுந்தான். போய் முழந்தாளிட்டான். என்ன சொன்னான் என்று என்னைக் கேட்காதீர்கள், பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக்கேட்பது எனக்கு ஆகாது. உங்கள் காதில் விழுந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பட்டறை நாளைக்கும் திறக்கும்.