நீலப் பை எடுத்தவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பெட்டியை எடை போட்டு முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரபியாவின் பைக்கடை வாசலில் அன்றைக்கும் அதே கூத்துதான். சாயங்கால விமானத்தில் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் பெட்டியைத் திறப்பதும், பால்மாவு டின்னை வெளியே எடுப்பதும், மறுபடி மிஷினில் ஏற்றிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "அக்கா, இன்னும் ரெண்டு கிலோ கூடுதே" என்று அவள் முகத்தையே பார்த்தார் ஒருவர். ஏதோ அவள்தான் உள்ளே கல்லை வைத்துவிட்ட மாதிரி.

"தைலத்த எடுத்துக் கைப்பையில வைங்க லா" என்றாள் ரபியா. கண் மட்டும் கைப்பேசியில் இருந்தது. அந்தக் கைப்பேசி அவளை ஓர் இடத்தில் நிற்க விடாது. உட்கார்ந்தால் எழுப்பும், சாப்பிட்டால் கை கழுவ வைக்கும். கடைக்காரர் சங்கத்தின் 'தேக்கா தகவல்' வாட்ஸ்அப் குழு அவள் பொறுப்பில் இருந்தது.

கொரோனா காலத்தில் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதற்காகச் சங்கம் ஆரம்பித்த குழு அது. கொரோனா போயிற்று, குழு போகவில்லை. ஒன்று நிரம்பி இரண்டாயிற்று, பிறகு மூன்று நான்கு என்று வளர்ந்தது. தீபாவளிக்கு எந்தச் சாலையை மறிக்கிறார்கள், தொழிலாளர் தங்கும் டார்மிட்டரிகளின் பஸ் இந்த வாரம் எங்கே நிற்கும், யாருடைய பாஸ்போர்ட் எந்தச் சாப்பாட்டுக்கடை மேசையில் கிடக்கிறது, எல்லாம் அதில்தான். மார்சிலிங்கில் குடும்பத்தோடு இருப்பவர்களும் பூன் லே பக்கம் பட்டறையில் வேலை செய்பவர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கும் ஓர் அரிப்பு வரும். ரபியாவுக்கு வந்திருந்த அரிப்பு, எதையும் தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது.

எதிர்வரிசை மளிகைக்கடை செல்வராஜ் சாலையைத் தாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ரபியா, இதப் பாரு. என் கடையிலயே கைய வச்சுட்டான்."

அவர் நீட்டிய கைப்பேசியில் கேமராப் பதிவு ஓடியது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை. நீலச் சட்டை போட்ட ஒருவர் வருகிறார், இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கல்லாவில் ஆள் இல்லை.

அது ஊருக்குப் போகும் பை. தேக்காவில் இது ஒரு வழக்கம். ஊருக்கு ஏதாவது அனுப்ப வேண்டியவர்கள் தெரிந்த கடையில் கொடுத்து வைப்பார்கள். அந்த வாரம் பறக்கிறவர் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார். செல்வராஜ் கடையில் இந்த ஏற்பாடெல்லாம் அவர் மனைவி பாப்பாத்தியின் கையில். யார் கொடுத்தது, யார் எடுப்பது என்று செல்வராஜ் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பையை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இளமதி கொடுத்து வைத்திருந்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஊரில் இருக்கும் அவள் மகனுக்குப் பிறந்தநாள் சட்டையும் காலுக்குச் சப்பாத்தும் அதில் இருந்தன.

"அக்காகிட்ட கேட்டீங்களாண்ணே?"

"அவ பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கா. போன் எடுக்கல. அதுக்குள்ள அவன் எங்கயாவது எம்ஆர்டி ரயில் ஏறிடுவான். நீ சீக்கிரம் போடு லா."

அந்த 'சீக்கிரம்' என்ற சொல் போதுமாக இருந்தது. ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பதிவிலிருந்து முகம் தெளிவாகத் தெரிகிற இடத்தைப் படமாக எடுத்தாள். 'எச்சரிக்கை! கடைக்குள் புகுந்து பையைத் திருடிச் சென்றவன் இவன்தான். கண்டால் உடனே தெரிவிக்கவும்' என்று எழுதி எல்லாக் குழுக்களிலும் தட்டிவிட்டாள்.

கைப்பேசி குதித்தது. கோப முகங்கள், கட்டைவிரல்கள், 'நல்ல வேளை சொன்னீங்க அக்கா' என்ற பாராட்டுகள். கொஞ்ச நேரத்தில் ஒருவர், 'இவனைத் தெரியும். பேர் சின்னராசு. கப்பல் பட்டறையில் வேலை' என்று போட்டார். இன்னொருவர் தொலைபேசி எண்ணையே போட்டுவிட்டார். ரபியாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. போலீஸ்கூட இவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பாப்பாத்தி கோயிலிலிருந்து வந்தவர் கைப்பேசியைப் பார்த்தார். நெற்றியில் வைத்த திருநாமம்கூட இன்னும் காயவில்லை. நேராக ரபியாவின் கடைக்கு வந்து, பெட்டி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார்.

"யாரைடி திருடன்னு போட்ட? நான்தான் அந்தப் புள்ளைய எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன்! 'கல்லாப் பக்கத்துல இருக்கு, அண்ணன் உள்ள இருப்பாரு, ஒரு வார்த்த சொல்லிட்டு எடுங்க'ன்னேன். இவரு பின்னால சரக்கு எண்ணிக்கிட்டு நின்னா அது யாருகிட்ட சொல்லும்?"

பின்னாலேயே வந்து நின்ற செல்வராஜின் முகம் செத்துவிட்டது. பதிவில் அந்த ஆள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தது திருட்டு முழி இல்லை, சொல்லிவிட்டுப் போவதற்கு ஆள் தேடிய பார்வை. அதே பதிவுதான், அதே முகம்தான். இப்போது பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

"டெலிட் பண்ணிடு ரபியா" என்றார் செல்வராஜ் மெதுவாக. "ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

ரபியா அழித்தாள். ஒவ்வொரு குழுவாகப் போய் அழித்தாள். முகம் இருந்த இடத்தில், செய்தி அழிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் பாப்பாத்தியின் கைப்பேசி அடித்தது.

சின்னராசுதான். அவர் குரல் ரபியாவுக்கும் கேட்டது. "அக்கா, என்னக்கா இது? யார் யாரோ போன் பண்ணி அசிங்கமாத் திட்டுறாங்க. சூப்பர்வைசர் படத்தக் காட்டி, 'நீ லீவுல போ, திரும்பி வர வேண்டாம்'ங்குறாரு. மேனேஜர் சொல்லிட்டாராம். நான் எதக்கா திருடுனேன்?" பாப்பாத்தி பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தால் அவர் கைப்பேசி அணைந்து கிடந்தது.

ரபியா கடைக்குள் நடந்தாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். ஒரு பெட்டியின் விலையைக் கேட்டவரிடம் வேறு பெட்டியின் விலையைச் சொன்னாள். ஒருவழியாகச் சூப்பர்வைசரின் எண்ணைப் பிடித்தாள். அவர் பெயர் பிரபாகர். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"சரிம்மா, நான் நம்புறேன்" என்றார் பிரபாகர். "ஆனா நான் நம்பி என்ன பிரயோஜனம்? என் மேனேஜர் கையில இருக்கிறது நீங்க போட்ட படம். நீங்க சொல்றது என் காதுல இருக்கு. காத எப்படி அவருக்கு பார்வர்ட் பண்றது?"

"நான்தான் அழிச்சுட்டேனே சார்."

"அழிச்சதனாலதான் வம்பே. பையன் மிரட்டி அழிக்க வச்சிட்டான்னு இங்க ஒருத்தன் சொல்றான். போலீஸ்ல பிடிச்சுட்டாங்க, அதனாலதான் எடுத்துட்டாங்கன்னு இன்னொருத்தன் சொல்றான். போட்ட இடத்துலயே திருத்திப் போடுங்கம்மா. அவன் ஏழு மணிக்குத் திருச்சிக்குப் பறக்குறான். வேலை இல்லன்னு நினைச்சுக்கிட்டே போய் எறங்கினா, வீட்டுல என்ன சொல்லுவான்?"

சங்கத் தலைவர் அப்துல் அலீமைக் கேட்காமல் அப்படிப் போட முடியாது. ரபியாவின் தகப்பனாருக்குச் சிநேகிதர், அவளுக்கு மாமா முறை. கூப்பிட்டதும் எடுத்தார், கேட்டதும் பதறினார்.

"அவசரப்படாத புள்ள. நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் நம்ம குரூப்ப நம்புவான்? கடைகளோட பேரும் சேந்து கெடும். அழிச்சாச்சுல்ல, விட்டுடு. வேணும்னா அந்தத் தம்பிக்கு நான் தனியா போன் பண்ணி நல்லபடியாப் பேசுறேன்."

"தனியா போன் பண்ணியா மாமா அவரத் திருடன்னோம்? ஊரையே கூட்டி வச்சுல்ல சொன்னோம்!"

சொன்ன பிறகுதான் தான் யாரிடம் குரல் உயர்த்தினோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை, அழைப்பைத் துண்டித்தாள். கைப்பேசியை எடை மிஷினுக்கு மேல் பெட்டிகளில் சாய்த்து வைத்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பதிவு செய்ய ஆரம்பித்தாள். பாப்பாத்தி கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றார். செல்வராஜ் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிறகு அவரும் வந்து நின்றார்.

"நான் ரபியா. மத்தியானம் ஒருத்தர் படத்தப் போட்டுத் திருடன்னு எழுதுனது நான்தான். அவர் திருடல. குடுத்து வச்ச பைய, எடுக்கச் சொன்னதனால எடுத்தாரு. நான் அவர்கிட்டயும் கேக்கல, எடுக்கச் சொன்னவங்ககிட்டயும் கேக்கல. அவர் முகத்தப் போட்டேன்ல, இப்ப என் முகத்தப் போடுறேன். யாருக்கெல்லாம் அதை அனுப்புனீங்களோ, அவங்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்க."

எல்லாக் குழுக்களிலும் போட்டாள். கடையை அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அவள் கடையை அடைத்ததை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். மத்தியானம் துள்ளிக் குதித்த கைப்பேசி இப்போது சாவகாசமாக இருந்தது. ஒன்றிரண்டு கைகூப்பல்கள், ஒரு 'பரவாயில்லை அக்கா'. திருடன் என்றபோது ஓடிவந்த கூட்டத்தில் கால்வாசிகூட, இல்லை என்றபோது எட்டிப் பார்க்கவில்லை. வழியில் பிரபாகர் மட்டும் அழைத்தார். வீடியோவை மேனேஜருக்கு அனுப்பியாயிற்றாம். லீவு முடிந்து வழக்கம்போல வேலைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். "ஆனா அவன் போன் ஆப்ல இருக்கு. பார்த்தா நீங்களே சொல்லிடுங்கம்மா."

விமான நிலையத்தில் திருச்சி வரிசை பாம்பாக வளைந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் அந்த முகத்தை எங்கே தேடுவது? முகமே இல்லை. கண் மட்டும் தெரிகிற மாதிரி முகக்கவசம் போட்டு, தொப்பியை இறக்கிவிட்டு, கடைசியில் ஒருவர் நின்றார். தோளில் அந்த நீலப் பை.

"சின்னராசுத் தம்பி..."

அவர் திடுக்கிட்டார். ரபியா தான் யார் என்று சொன்னாள், வேலை போகவில்லை என்றாள், பிறகு வீடியோவைக் காட்டினாள். அவர் கடைசிவரை பார்த்தார்.

"நீங்கதானா அந்த அக்கா" என்றார். "அந்தக் குரூப்ல நானும் இருந்தேங்க்கா. பஸ் எங்க நிக்கும்னு அதப் பாத்துதான் தேக்காவுக்கு வருவேன். இன்னிக்கு அதுலயே என் மூஞ்சியப் பாத்தேன். இந்தக் கவசத்தக் கடையில வாங்கும்போதுகூட கல்லாவுல இருந்த புள்ள என்னயே பாக்குற மாதிரி இருந்துச்சு."

"மன்னிச்சிடுங்க தம்பி. பைய எறக்கி வச்சிட்டுப் போயிருக்கலாமே, இவ்வளவு நடந்த பிறகும்..."

"அந்தச் சின்னப் பயலுக்குப் பொறந்தநாளு. அவன் என்ன பண்ணான்?" குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். "மன்னிக்கிறது இருக்கட்டும்க்கா. நீங்க இங்க அழிச்சிட்டீங்க. எங்க ஊர்க் குரூப்ல இன்னும் ஓடுது. என் வீட்டுக்காரி பாத்துட்டா. திருடுனீங்களான்னு அவ கேக்கல. ஆனா அழுதா. நான் நாளைக்கு அந்தத் தெருவுல நடக்கணும்."

ரபியாவுக்கும் அழுகை முட்டியது. அழுது தன் பாரத்தை இறக்கிக்கொள்ள இது இடமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் குரூப்ப யாரு பாக்குறாங்க? நம்பர் குடுங்க. உங்க வீட்டுக்காரவங்க நம்பரும் குடுங்க. நான் பேசுறேன்."

அவர் கொடுத்தார். அவள் அங்கேயே ஒரு தூணோரம் நின்று ஊருக்கு அழைத்தாள். சின்னராசுவின் மனைவியிடம் தன் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பக்கம் வந்த வசவை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு ஊர்க்குழுக்காரரிடம் பேசி வீடியோவை அனுப்பினாள். வரிசை நகர்ந்தது. சின்னராசு உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பித் தலையை அசைத்தார். மன்னித்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் அப்துல் அலீம் அழைத்தார். வீடியோவைப் பார்த்திருந்தார். குரலில் கோபம் தணிந்திருந்தது. "சரி, போட்டுட்ட. நல்லதோ கெட்டதோ, முடிஞ்சது. வேலையும் போகலையாம்ல? இன்னும் அங்க என்ன பண்ற? போதும், வீட்டுக்குப் போ."

"போதாது மாமா" என்றாள் ரபியா. வீடியோவைத் தனித்தனியாக அனுப்புவதற்காக, மத்தியானம் கோப முகம் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே பேசினாள். "பொய்ய நான் தட்டித்தான் விட்டேன், அது தானா ஓடிடுச்சு. உண்மை தானா ஓட மாட்டேங்குது, நான்தான் வீடு வீடாத் தூக்கிட்டுப் போகணும். ஒரு அரைமணி நேரம் பொறுத்து, ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த வேலையே இல்ல. இனிமே நம்ம குரூப்ல கேக்காம, விசாரிக்காம ஒருத்தர் முகமும் வராது மாமா. தப்பா எதுவும் வந்துட்டா, அழிச்சுட்டு ஒளிய மாட்டோம். எந்த இடத்துல, எத்தன பேர் முன்னால சொன்னோமோ, அங்கயே நின்னு தப்புன்னு சொல்லுவோம். அதச் சொல்லத் துணிச்சல் இல்லாதவங்களுக்கு ஊருக்குச் சேதி சொல்ற வேலை எதுக்கு மாமா?"